நொச்சித் தழையும் தசைப்பிடிப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்வது, கழுத்தும் தோளும் இறுகிப்போவது, மாதவிடாய் நாட்களில் அடிவயிறு பிசைவது என்று பலவகைப் பிடிப்புகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நொச்சியின் பெயர் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பாட்டி கொடுத்த ஒத்தடத்தை நினைவில் வைத்து எழுதியவர்களும் உண்டு. கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு, கஷாயம் வைத்துக் குடிக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. ஆகவே இந்த இதழில் நொச்சி தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 63. பின்னிரவில் கெண்டைக்கால் சதை சுருண்டு இறுகி, உயிர் போகும் வலி எடுக்கிறது. வலி விட்ட பிறகும் மறுநாள் முழுவதும் காலை ஊன்ற முடியவில்லை. என் தாயார் நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார். அதைச் செய்தால் இந்தத் தொல்லை நிற்குமா? எப்படிச் செய்ய வேண்டும்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: வலி எடுக்கும் நேரத்தையும் அதற்குப் பின் வரும் நேரத்தையும் பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகும். சதை இழுத்துக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் தழையைத் தேடவோ எண்ணெய் காய்ச்சவோ நேரமில்லை. அப்போது செய்ய வேண்டியது சுருங்கிய சதையை நீட்டுவது ஒன்றே. படுக்கையிலேயே முழங்காலை நேராக நீட்டி, கால்விரல்களைக் கையாலோ, பாதத்தில் ஒரு துண்டை மாட்டியோ முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். எழுந்து நிற்க முடிந்தால் குதிகால் தரையில் நன்கு அழுந்தும்படி நில்லுங்கள். பெரும்பாலும் பிடிப்பு விரைவில் விட்டுவிடும். அதன் பிறகு சதையில் தங்கிவிடுகிற நோவுக்கும், பகலெல்லாம் நின்று இறுகிய சதையைப் படுக்கும் முன் தளர்த்துவதற்கும்தான் நொச்சி ஒத்தடம் உதவும்.

இரண்டு கைப்பிடி நொச்சித் தழையைக் காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, சற்றே நறுக்கிக்கொள்ளுங்கள். இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டு, மிதமான தீயில் தழையை வதக்குங்கள். பச்சை நிறம் மங்கி, அதன் காட்டமான மணம் எழும்போது இறக்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் கொட்டிக் கைக்கு அடக்கமான முடிச்சாகக் கட்டுங்கள். இரண்டு முடிச்சுகள் இருந்தால் ஒன்று வாணலியில் சூடேறும்போது மற்றதைப் பயன்படுத்தலாம். ஆமணக்கு இலையோ வாதநாராயணன் இலையோ கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம். சிலர் எருக்கிலையும் ஊமத்தை இலையும் சேர்க்கச் சொல்வார்கள். வீட்டில் அவை வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருங்கேடு விளையும்; ஊமத்தை நச்சுச்செடி. முடிச்சை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் ஒற்றிப் பார்த்து, பொறுக்கக்கூடிய சூடுதான் என்று உறுதி செய்த பிறகு கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். முடிந்ததும் காலை மின்விசிறிக் காற்றில் நீட்டாமல் ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

இந்த ஒத்தடத்தின் பயனில் பெரும்பங்கு வெப்பத்தினுடையது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூடு பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் மிகுகிறது. இறுகிய தசைநார்கள் நெகிழ்கின்றன. வலி உணர்வும் தணிகிறது. எண்ணெயும் தழையின் ஈரமும் அந்தச் சூட்டை நெடுநேரம் தாங்கி, ஒரே சீராகத் தோலுக்குக் கொடுக்கின்றன. நொச்சியிலையிலுள்ள சினியோல், காரியோஃபிலீன் போன்ற மணப்பொருள்களும், காஸ்டிசின் என்னும் ஃபிளேவனாய்டும் வீக்கத்தையும் வலியையும் தணிக்கக்கூடியவை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. 2003-இல் இலங்கை ஆய்வாளர்கள் முதிர்ந்த நொச்சியிலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, வீக்கமும் வலியும் குறைவதைப் பதிவு செய்தார்கள். ஆனால் எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்வது முறையாகாது. மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகள் குறைவு. சித்த மருத்துவம் இதை வேறொரு வழியில் விளக்குகிறது: வாதம் மிகுந்த உடலில் வறட்சியும் குளிர்ச்சியும் சேர்ந்து பிடிப்பை வளர்க்கின்றன, வெப்பத்தன்மையுள்ள நொச்சியும் நெய்ப்புள்ள எண்ணெயும் அவற்றை எதிர்க்கின்றன. இரண்டு விளக்கங்களும் ஒரே செய்முறையில்தான் வந்து முடிகின்றன.

தொல்லை திரும்ப வராமலிருக்க ஒத்தடம் மட்டும் போதாது. படுக்கும் முன் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னே சாய்ந்து கெண்டைச் சதையை நீட்டுங்கள். காலுக்கு மூன்று முறை போதும். 2012-இல் நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரிடம் ஆறு வாரம் நடந்த ஆய்வில், படுக்கும் முன் சதையை நீட்டியவர்களுக்கு இரவுப் பிடிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன. முற்காலத்தில் இதற்குக் கொய்னா (குயினின்) மாத்திரை கொடுப்பார்கள். இரத்தத்தையும் இதயத் துடிப்பையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006 முதல் அதைக் கால்பிடிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்து வருகிறது. யாராவது அதைப் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம்.

நீங்கள் இரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரையோ, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையோ உட்கொள்கிறீர்களா என்பதை எழுதவில்லை. இவ்விரண்டும் தசைப்பிடிப்பை வரவழைக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தாமாக ஒத்தடம் கொடுத்துக்கொள்ளவே கூடாது, ஏனெனில் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சுடுமானால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காமலும் ஒத்தடம் கொடுக்காமலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: நாற்றுப்பண்ணையில் நொச்சி என்று கேட்டதற்கு, இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாக உள்ள ஒரு செடியைக் கொடுத்து, இதுதான் உயர்ந்த கருநொச்சி என்றார்கள். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் உள்ள நொச்சியோ வேறு விதமாக இருக்கிறது. எது சரியான மூலிகை? (வாசகர், திருவையாறு)

பதில்: ஆற்றங்கரையில் நிற்பதையே நம்புங்கள். ஒத்தடத்துக்கும் வேது பிடிக்கவும் தமிழ்நாட்டில் வழிவழியாகப் பயன்பட்டு வருவது வெண்நொச்சி; தாவரவியலில் அதற்கு வைடெக்ஸ் நெகுண்டோ என்று பெயர். ஆளுயரத்துக்கு மேல் வளரும் புதர்ச்செடி, சில இடங்களில் சிறுமரமாகவும் நிற்கும். ஒரே காம்பில் மூன்று முதல் ஐந்து வரை நீண்ட, கூர்மையான சிற்றிலைகள் விரிந்திருக்கும். ‘மயிலடி இலைய மாக்குரல் நொச்சி’ என்று குறுந்தொகை சொல்வது இந்த இலையைத்தான். மயிலின் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இலையின் மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போல வெளுத்தும் இருக்கும். இளந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தெரியும். பூக்கள் கிளை நுனியில் கொத்தாக, வெளிர்நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் பூக்கும். இலையைக் கசக்கினால் எழும் மணத்தை ஒருமுறை அறிந்தவர் மறக்கமாட்டார்.

நாற்றுப்பண்ணையில் உங்களுக்குக் கொடுத்தது, பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் கொண்ட நீர்நொச்சியின் ஊதா இலை வகையாக இருக்கலாம். அதுவும் நொச்சி இனமே, அழகுக்காக வளர்க்கிறார்கள். சித்த மருத்துவத்தில் கருநொச்சி என்று குறிக்கப்படும் செடியோ ஆடாதொடைக்கு நெருங்கிய உறவான வேறொரு தாவரம். அதன் இலைகள் சிற்றிலைகளாகப் பிரியாமல் தனித்தனியாக, நீண்டு ஒடுங்கியிருக்கும். கேரளத்தில் நம் வெண்நொச்சியையே கரிநொச்சி என்பார்கள். அங்கிருந்து தைலம் வாங்குகிறவர்களும் குழம்புகிறார்கள். பெயரை விட்டுவிட்டு இலையின் அமைப்பையும் மணத்தையும் பார்த்து எடுப்பதே பாதுகாப்பான வழி.

கேள்வி: பதினாறு வயதான என் மகள் மாதவிடாயின் முதல் இரண்டு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. நொச்சியிலைக் கஷாயம் தொடர்ந்து கொடுத்தால் மூன்றே மாதத்தில் சரியாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: கொடுக்க வேண்டாம். நொச்சியைச் சித்த மருத்துவர்கள் உள்மருந்தாகவும் தருவதுண்டு. ஆனால் அது நாடி பார்த்து, அளவும் காலமும் வரையறுத்து, பிற சரக்குகளோடு சேர்த்துத் தரப்படுவது. நொச்சி இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியின் பழம் ஐரோப்பாவில் மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகளுக்குத் தரப்படுகிறது. அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து சுரக்கும் புரோலாக்டின் என்னும் இயக்குநீரின் அளவை மாற்றக்கூடியது என்று அறிந்திருக்கிறோம். இணையத்தில் அந்தப் பழத்தைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் நம் நொச்சியிலைக்கு ஏற்றிச் சொல்லிவிடுகிறார்கள். வளரும் வயதுப் பெண்ணுக்கு இயக்குநீரோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய ஒரு பொருளை அளவு தெரியாமல் மாதக்கணக்கில் கொடுப்பதை எந்த மருத்துவ முறையும் ஏற்காது.

மகள் துடிப்பதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாய்த் தொடக்கத்தில் கருப்பையின் உட்சுவரில் புராஸ்டகிளான்டின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிச் சுருக்குகிறது. அந்த நேரத்தில் தசைக்கு இரத்த ஓட்டமும் குறைவதால் வலி மிகுகிறது. எனவே இதுவும் ஒரு தசைப்பிடிப்புதான். ஆனால் கையெட்டும் இடத்தில் இல்லை. இதற்கும் நொச்சி உதவ முடியும், வெளியிலிருந்து மட்டும். முதல் கேள்விக்குச் சொன்னபடி தழையை வதக்கிக் கட்டிய முடிச்சை இளஞ்சூட்டில் தொப்புளுக்குக் கீழும், இடுப்பின் பின்புறத்திலும் மாற்றி மாற்றி வையுங்கள். 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடிவயிற்றில் தொடர்ந்து படும்படி செய்தபோது, 400 மில்லிகிராம் இபுபுரோஃபென் மாத்திரை தந்த அளவுக்கு நிகரான நிவாரணம் கிடைத்தது. நம் வீடுகளில் தழையும் தவிட்டு முடிச்சும் வெந்நீர்ப் பையும் நெடுங்காலமாகச் செய்து வந்தது அந்த வேலையைத்தான். பள்ளிக்குச் செல்லும் நாளில் தழைமுடிச்சுக்கு வழியில்லை. வெந்நீர்ப் பையோ ஒட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டையோ பயன்படுத்தலாம்.

உள்ளுக்கு ஏதேனும் கொடுக்க வேண்டுமென்றால் சுக்கு நல்லது. வலி தொடங்கும் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு கிராம் வரை சுக்குத் தூளைப் பிரித்து, பனங்கருப்பட்டி சேர்த்த வெந்நீரில் கொடுங்கள். பல சிறு ஆய்வுகளில் இது பயன் தந்திருக்கிறது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஏற்காது. இவையெல்லாம் போதாமல் மருத்துவர் எழுதித் தரும் வலிமாத்திரையை முதல் நாளில் எடுத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. மகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கச் சொல்லாதீர்கள். வலி மாதத்துக்கு மாதம் கூடினாலும், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் தொடர்ந்தாலும், உதிரப்போக்கு மிகுதியாக இருந்தாலும், மலம் கழிக்கும்போது கடுமையாக வலித்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பையின் உட்சுவர்த் திசு வெளியே வளரும் நோய்க்கு இவை அறிகுறிகளாகலாம். பெண்களின் வலி இயல்புதானே என்று விட்டுவிடுவதால் அது பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்கிறேன். சித்திரை, வைகாசியில் பிற்பகலானால் கை விரல்களும் தொடையும் வயிறும் மாறி மாறிப் பிடித்துக்கொள்கின்றன. நொச்சி எண்ணெய் தேய்த்தும் குறையவில்லை. (வாசகர், வேதாரண்யம்)

பதில்: குறையாது, உங்கள் பிடிப்பு வேறு வகை. கடும் வெயிலில் மணிக்கணக்காக வியர்க்கும்போது உடல் நீரோடு உப்பையும் இழக்கிறது. தாகத்துக்குத் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் உடலில் மிஞ்சியிருக்கும் உப்பும் நீர்த்துப்போய்த் தசைகள் தாமாகவே சுருங்கத் தொடங்குகின்றன. இதற்கு மருந்து வாய் வழியாகத்தான் போக வேண்டும். பிடிப்பு வந்தவுடன் வேலையை நிறுத்தி நிழலுக்குச் செல்லுங்கள். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். அரசு சுகாதார நிலையங்களில் கிடைக்கும் உப்புக்கரைசல் பொட்டலம் இதைவிட நல்லது. காலையில் வேலைக்குப் புறப்படும் முன் உப்பிட்ட நீராகாரம் குடிப்பதும், பகலில் உப்பிட்ட மோரை அருகில் வைத்துக்கொள்வதும் பிடிப்பு வராமல் காக்கும். இரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ இருந்தால் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தலைசுற்றலும் வாந்தியும் தடுமாற்றமும் சேர்ந்து வந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ காத்திருக்கவே கூடாது. உடன் வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நொச்சித் தைலத்தை வீட்டிலேயே காய்ச்ச முடியுமா? கடையில் வாங்குவதில் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: முடியும், ஆனால் பொறுமை வேண்டும். எண்ணெய் ஒரு பங்கு, தழைச்சாறு நான்கு பங்கு, அரைத்த விழுது கால் பங்கு என்பது தைலம் காய்ச்சுவதில் பழைய கணக்கு. கால் லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஒரு லிட்டர் சாறும் ஏறத்தாழ அறுபது கிராம் நொச்சித் தழை விழுதும் தேவைப்படும். நொச்சியில் சாறு குறைவு என்பதால், இடிக்கும்போது சிறிது நீர் தெளித்துத்தான் பிழிய வேண்டும். அகன்ற, ஆழமான பாத்திரத்தை எடுங்கள். சாறும் எண்ணெயும் சேர்ந்து கொதிக்கையில் நுரை பொங்கி வழியும். தீ எப்போதும் சிறியதாகவே இருக்கட்டும். சாறு முழுவதும் வற்றி, அடியில் தங்கிய வண்டலை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் மெழுகைப் போலத் திரள வேண்டும். ஒரு பஞ்சுத்திரியில் அந்த எண்ணெயைத் தோய்த்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். அந்தத் தைலம் சில நாட்களிலேயே சிக்குவாடை அடித்துவிடும். வண்டல் கருகும் வரை விட்டால் மருந்தின் குணம் போய்விடும். இறக்கி வடிகட்டி, ஆறிய பின் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வையுங்கள்.

பயன்படுத்தும்போது சிறிய கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள். முதல் முறை முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. சுளுக்கையும் பிடிப்பையும் ஒன்றாக எண்ணி, அடிபட்ட கணுக்காலில் உடனே சூடான தைலம் தேய்ப்பதைப் பலர் செய்கிறார்கள். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாட்களுக்குக் குளிர்ந்த ஒத்தடமும் ஓய்வும்தான் ஏற்றவை. சூடும் அழுத்தித் தேய்ப்பதும் வீக்கத்தைக் கூட்டும். வீக்கம் வடிந்து, இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது தைலத்தை எடுங்கள்.

கடையில் வாங்குவதானால் உற்பத்தி உரிம எண், சேர்ந்துள்ள சரக்குகளின் பட்டியல், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகிய நான்கும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புட்டியைத் திறந்தவுடன் கற்பூர வாடை மட்டுமே தூக்கலாக வந்தால், அதில் நொச்சி எவ்வளவு இருக்கிறது என்று ஐயப்படுவதில் தவறில்லை.

கேள்வி: எனக்கு இரண்டாவது பிள்ளை அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்து பத்து நாளாகிறது. மாமி நொச்சியிலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்க்க வேண்டும் என்கிறார். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, அதற்கும் நல்லது என்கிறார். செய்யலாமா? (வாசகி, மட்டக்களப்பு)

பதில்: மாமி சொல்வது நல்ல வழக்கந்தான். பிள்ளை பெற்ற உடம்பின் இடுப்பும் முதுகும் தொடையும் நொந்திருக்கும்போது, இலை அவித்த வெதுவெதுப்பான நீர் தரும் ஆறுதல் பெரிது. ஆனால் உங்கள் தையல் புண் முழுவதும் ஆறி, மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அந்த நீரை வயிற்றில் ஊற்றாதீர்கள். அதுவரை இலைநீரில் துணியை நனைத்துப் பிழிந்து முதுகுக்கும் காலுக்கும் மட்டும் ஒற்றி எடுக்கலாம். இரண்டு கைப்பிடி இலையைப் பெரிய பானை நீரில் அவித்து வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் பயன்படுத்துங்கள். குழந்தையை அந்த நீரில் குளிப்பாட்ட வேண்டாம்.

பால் கொடுக்கும்போது வரும் இழுப்பு, கருப்பை தன் பழைய அளவுக்குச் சுருங்குவதால் வருகிறது. குழந்தை பால் உறிஞ்சும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் அந்தச் சுருக்கத்தைத் தூண்டுகிறது; இரண்டாவது, மூன்றாவது பேற்றில் இது கூடுதலாகத் தெரியும். வழக்கமாகச் சில நாட்களில் தணிந்துவிடும். உங்களுக்குப் பத்து நாளாகியும் தொடர்வதால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லுங்கள். காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள உதிரப்போக்கோ இருந்தால் உடனே போக வேண்டும். பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்களில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுதி. ஒரு கெண்டைக்கால் மட்டும் நொந்து வீங்கினால் அதற்கு நொச்சியைத் தேடாதீர்கள்.

கேள்வி: நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பதால் பிடரியும் தோள்பட்டையும் இறுகிவிடுகின்றன. நொச்சியிலைத் தலையணை பயன் தருமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நிழலில் உலர்த்திய நொச்சியிலையைத் தலையணையில் அடைத்துப் படுப்பது மூக்கடைப்புக்கும் நீர்க்கோவைத் தலைவலிக்கும் சொல்லப்பட்டது; அதன் மணம் அவற்றுக்கு ஆறுதல் தரும். பிடரி இறுக்கத்துக்குத் தலையணையின் மணத்தைவிட அதன் உயரம் முக்கியம். கழுத்து முதுகின் நேர்க்கோட்டிலேயே இருக்கும்படியான உயரம் போதும். மாலையில் வீடு திரும்பியதும் பிடரியிலும் தோள்களிலும் பத்து நிமிடம் தழை ஒத்தடம் கொடுத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் தலையை இரு பக்கமும் மெதுவாகச் சாய்த்து நீட்டுங்கள். சூட்டில் நெகிழ்ந்த சதை எளிதாக நீளும். பகலில் அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காய்ந்த தழையின் தூசு ஆகாது. வலி கையில் இறங்கி விரல்கள் மரத்துப்போனால் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடது தோளும் தாடையும் வலித்து, வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அதைச் சதைப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள்.

கேள்வி: மாடியில் தொட்டியில் நொச்சி வளருமா? (வாசகி, சென்னை)

பதில்: வளரும். பெரிய தொட்டியும் நாளில் பாதி நேர வெயிலும் போதும். விதையைவிடப் போத்து எளிது: விரல் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றுங்கள். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2010-களில் சென்னை மாநகராட்சி, கொசுவைக் குறைப்பதற்காக நீர்வழிக் கரையோரக் குடியிருப்புகளுக்கு நொச்சிச் செடிகளை வழங்கியது. அப்படி வளர்ந்த செடி அருகில் யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு குச்சி கேட்டு வாங்கலாம். சாலையோரச் செடியில் புகையும் தூசியும் படிந்திருக்கும். ஆகவே குச்சிக்கு மட்டும் அதை நாடுங்கள், ஒத்தடத்துக்கான தழையை அங்கிருந்து எடுக்க வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டால் செடி உயரமாகப் போகாமல் பக்கவாட்டில் தழைக்கும். வெட்டிய தழையை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி வைத்தால் வேது பிடிக்கவும், அரிசிப் பானையில் வண்டு வராமல் போட்டு வைக்கவும் உதவும். ஒத்தடத்துக்கு மட்டும் அவ்வப்போது பறித்த பச்சைத் தழையைப் பயன்படுத்துங்கள்.